மக்னீசியம் ஏஜிங்: ஒரே கூடையில் ஏன் இரண்டு ஹார்ட்னஸ்?

சேதராப்பட்டு உலை
5 டிசம்பர் 2024, இரவு 9.40

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் சின்னதாக ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை நடத்துகிறேன். ஸ்டீலும் அலுமினியமும்தான் வழக்கமான வேலை. போன மாதம் முதல்முறையாக மக்னீசியம் வந்தது. ஏ.இசட்.91இ (அலுமினியம் கலந்த மக்னீசியக் கலவை), மணல் வார்ப்பு, கியர்பாக்ஸ் மூடி மாதிரி ஒரு துண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ இருக்கும். டி6 செய்து தரவேண்டும், அதாவது உயர் சூட்டில் வைத்துக் கரையவைத்து, ஆறவைத்து, பிறகு குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்துக் கெட்டிப்படுத்துவது (இந்தக் கடைசிக் கட்டம்தான் ஏஜிங்).

பார்ட்டி கொடுத்த தாளில் இருந்தபடியே செய்தேன். 413 டிகிரியில் 16 மணி நேரம், வெளியே எடுத்து ஃபேன் காற்றில் ஆறவைத்து, பிறகு 168 டிகிரியில் 16 மணி நேரம். கூடைக்கு 36 துண்டு. முடித்துப் பிரினெல் (ஹார்ட்னஸ் எண்) பார்த்தால், கூடையின் ஓரத்தில் இருந்தவை 68, 69, 70. நடுவில் இருந்தவை 59, 60, 61. எல்லாம் ஒரே தடவை உருக்கி வார்த்தவை, ஒரே உலை, ஒரே கூடை. கண்ட்ரோலர் சார்ட்டில் ஒரு வளைவு சுளிவு கிடையாது.

பார்ட்டி போனில், "நடுத்துண்டுகளை மட்டும் இன்னும் 8 மணி நேரம் ஏஜிங் போடுங்க, ஏறிடும்" என்கிறார். ஏறுமா?

இன்னொரு தலைவலியும் உண்டு. இரண்டாவது கூடைக்கு 413 முடித்து, 168இல் ஏழாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபெஞ்சல் புயல் வந்துவிட்டது. 30ஆம் தேதி போன கரண்ட் மூன்றாம் நாள்தான் வந்தது. ஜெனரேட்டர் உலை லோடை இழுக்காது. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர், நல்லவேளை உலை மேடையில் இருந்தது. அந்த 36 துண்டும் உள்ளேயே ஆறிக் கிடக்கின்றன. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, முதலிலிருந்து தொடங்கவேண்டுமா?


பண்ருட்டிப்பலா
5 டிசம்பர், இரவு 10.15

கண்ட்ரோலர் காட்டுவது உலைச் சுவரின் வெப்பம். கூடை நடுவில் என்ன வெப்பம் என்று அதற்குத் தெரியாது. ஒரு தெர்மோகப்புளை (வெப்பம் அளக்கும் கம்பி) நடுத்துண்டோடு கட்டி ஓட்டிப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.


பழையபட்டறை
6 டிசம்பர், காலை 6.05

தம்பி, ஹார்ட்னஸ் கதைக்கு அப்புறம் வருவோம். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். 413 டிகிரியில் வெறும் காற்றில் வைத்தீர்களா? அலுமினியம் செய்த அதே உலையா? உருகிய உப்புக் குளியல் ஏதாவது பட்டறையில் இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. அலுமினியத்தை நைட்ரேட் உப்புக் குளியலில் இறக்குவது சாதாரண வேலை. அதே தொட்டியில் மக்னீசியத்தை இறக்கினால் வெடிக்கும். ஆள் மாறி, ஷிப்ட் மாறி, "இதுவும் வெள்ளையாத்தான் இருக்கு" என்று எவனாவது இறக்கிவிடக்கூடாது. 400க்கு மேல் போனால் உலைக்குள் காப்பு வாயு வேண்டும். கந்தக டை ஆக்சைடு கொஞ்சம், இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு. உலைத் தரையில் இரும்புச் செதில் உதிர்ந்து கிடந்தால் கூட்டி அள்ளிவிடுங்கள். மக்னீசியத் தூளும் துருவும் சூட்டில் சேர்ந்தால் அது தண்டவாளம் ஒட்டவைக்கிற தெர்மிட் சங்கதிதான், உங்கள் உலையில் நடக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் பெரிதாகும். உலோகத் தீக்கான பொடியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. கூடைக்குள் எப்படி அடுக்கினீர்கள்? கதவைத் திறந்ததிலிருந்து நடுத்துண்டு கை தாங்கும் சூட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது? 413க்கு எப்படி ஏற்றினீர்கள், ஒரே மூச்சிலா?


சேதராப்பட்டு உலை
6 டிசம்பர், காலை 8.30

ஐயா, கார்பன் டை ஆக்சைடு ஓடவிட்டுத்தான் செய்தோம், பார்ட்டியே சிலிண்டர் அனுப்பினார். உப்புக் குளியல் கிடையாது. செதில் விஷயம் எனக்குத் தெரியாது, இன்றே கூட்டச் சொல்லிவிட்டேன்.

260 வரை வேகமாக, அதற்குமேல் இரண்டு மணி நேரத்தில் மெதுவாக 413 வரை ஏற்றினோம். அதுவும் தாளில் இருந்தது.

அடுக்கியது மூன்று அடுக்கு, அடுக்குக்குப் பன்னிரண்டு. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. வெளியே எடுத்து கூடையோடு தரையில் வைத்து, ஒரு பக்கம் பெடஸ்டல் ஃபேன். நடுத்துண்டு ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அளக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தும் சுட்டது, அவ்வளவுதான் ஞாபகம்.


கெடிலம்
6 டிசம்பர், மாலை 7.20

டீ குடித்துவிட்டு வந்தும் சுட்டது என்றீர்களே, காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சொந்த ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மக்னீசியம் வீழ்படிவில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீழ்படிவு என்றதும் பள்ளிக்கூடச் சோதனைக் குழாய்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், அடியில் வெள்ளையாகப் படிவது. இங்கே எதுவும் எங்கேயும் விழுவதில்லை. கெட்டியான உலோகத்துக்குள் கரைந்திருக்கும் அலுமினியம், இடம் போதாமல் அங்கேயே பிரிந்து தனிப் பொருளாக உட்கார்ந்துவிடுகிறது. 437 டிகிரியில் மக்னீசியம் தன் எடையில் கிட்டத்தட்ட 12.7 சதவீதம் வரை அலுமினியத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 100 டிகிரிக்கு வந்தால் 2 சதவீதம் தாங்கினாலே அதிகம். உங்கள் கலவையில் இருப்பது 9. பாகு ஆறும்போது சர்க்கரை பூப்பதுபோல, மிச்சம் வெளியே வந்துதான் ஆகவேண்டும்.

வெளியே வருவது பீட்டா என்கிற சேர்மம். பதினேழு மக்னீசிய அணுவுக்குப் பன்னிரண்டு அலுமினிய அணு. டி6இல் அது நிச்சயம் வரும். எங்கே வருகிறது, எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பிரினெல் எண் மாறும்.

இரண்டு வழியில் வரும். ஒன்று, மணிக்குள்ளேயே (மணி என்பது கிரெயின், உலோகத்துக்குள் நெருக்கியிருக்கும் குட்டிப் படிகம்), ஒவ்வொரு மணியின் வயிற்றிலும் பொடிப்பொடித் தகடுகளாக. இதைத் தொடர் வீழ்படிவு என்போம். இன்னொன்று, மணி எல்லையில் ஆரம்பிப்பது. அங்கே எல்லைக்கோடே ஏர்போல் நகரும். நகர்ந்த வழியெல்லாம் பின்னால் படைச்சால் போட்டதுபோல, ஒரு வரி பீட்டா, ஒரு வரி மக்னீசியம், ஒரு வரி பீட்டா என்று விட்டுக்கொண்டே போகும். இது தொடரா வீழ்படிவு. மைக்ராஸ்கோப்பில், ஸ்டீலில் வரிவரியாக இருக்கும் பெர்லைட் மாதிரியே தெரியும். வரிகள் தடிமன், இடைவெளி அதிகம், பலம் குறைவு. அந்த இடத்து அலுமினியம் முழுக்க அதற்கே செலவாகிவிடும்.

உங்கள் நடுத்துண்டுகளுக்கு நடந்தது இதுதான் என்பது என் ஊகம். 413இல் அலுமினியம் நன்றாகவே கரைந்திருக்கும். வெளியே எடுத்ததும் ஓரத்துத் துண்டுகள் சட்டென்று ஆறின, கரைந்தது கரைந்தபடி உள்ளே சிறைப்பட்டது. நடுத்துண்டுகள் 350, 300, 250 என்று ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கின. அந்த நேரத்தில் எல்லையில் ஏர் ஓட ஆரம்பித்துவிட்டது. பிறகு 168இல் 16 மணி நேரம் வைத்தபோது, பொடித் தகடுகளாக வரவேண்டிய அலுமினியத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே படைச்சாலில் போய்விட்டது.

//இன்னும் 8 மணி நேரம் ஏஜிங் போடுங்க, ஏறிடும்//

ஏறாது. ஏஜிங் நேரத்தைக் கூட்டினால் இருக்கிற பொடி கொஞ்சம் பெரிசாகும். 168இல் உச்சத்துக்குப் பக்கத்தில் வளைவு தட்டையாகத்தான் ஓடும், கூடவே போனால் இறங்கவே செய்யும். படைச்சாலாகப் போன அலுமினியம் 168இல் திரும்பிக் கரையாது. அதைத் திருப்ப 413 ஒன்றுதான் வழி.

கையேடுகள் இந்தக் கலவைக்கு டி4 (கரையவைத்து ஆறவைத்தது, ஏஜிங் செய்யாதது) நிலையில் 55, டி6 நிலையில் 70 என்று வழக்கமான மதிப்பு தருகின்றன. உங்கள் ஓரம் டி6, நடு அரைகுறை டி6. கணக்கு சரியாகவே வருகிறது.


உப்பளம்
6 டிசம்பர், இரவு 8.50

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏ.இசட்.91ஐ தண்ணீரில் குவெஞ்ச் (முக்கிச் சட்டென்று ஆறவைப்பது) செய்யவேண்டாம், காற்றில் ஆறினால் போதும் என்றுதானே எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது? காற்றே போதும் என்றால் ஆறும் வேகம் அவ்வளவு முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கென்னவோ நடுத்துண்டுகள் 413ஐத் தொடவே இல்லை, கரையவேண்டியது கரையவில்லை என்று தோன்றுகிறது. பண்ருட்டிக்காரர் முதலிலேயே சொன்னார்.


கெடிலம்
6 டிசம்பர், இரவு 9.30

நல்ல கேள்வி. கையேடு சொல்லும் காற்று, தனித்தனியாக வைத்த துண்டைச் சுற்றிலும் ஓடும் காற்று. 36 துண்டு ஒட்டிக்கொண்டு நின்றால் அது 54 கிலோ உலோகக் கட்டி. அதன் நடுவில் காற்றே கிடையாது.

ஆனால் நீங்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நடுத்துண்டு ஒன்றை அறுத்து, பாலிஷ் செய்து, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட்) எட்ச் செய்து, அதாவது மேற்பரப்பை லேசாக அரிக்கவிட்டு, பாருங்கள். கரையாத பீட்டா என்றால் வார்ப்பில் இருந்தபடியே மணி எல்லையில் வெள்ளைத் தீவுகளாக, வழவழ ஓரத்தோடு நிற்கும். கரைந்து திரும்பி வந்தது என்றால் எல்லையை ஒட்டிக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு தெரியும், பெரிதாக்கினால் கைரேகை போல வரிவரியாக இருக்கும்.

பாலிஷ் செய்யும்போது கடைசிக் கட்டத்தில் தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் பயன்படுத்துங்கள். தண்ணீர் பட்டால் மக்னீசியம் மேலே கறை கட்டும், அந்தக் கறையைப் பார்த்து வீழ்படிவு என்று நினைத்து நான் ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.


பழையபட்டறை
7 டிசம்பர், காலை 5.50

மேடம் சொல்வதும் உப்பளம் சொல்வதும் இரண்டுமே நடக்கக்கூடியதுதான், ஒரே கூடையிலேகூட. அறுத்துப் பார்க்காமல் சண்டை போட்டுப் பயனில்லை.

புயல் கூடைக்கு என் யோசனை: முதலிலிருந்து செய்யுங்கள். 413 திரும்பப் போட்டு, பிறகு முழு ஏஜிங். பாதியில் நின்ற ஏஜிங்கை நான் நம்புவதில்லை. 6061 என்கிற அலுமினியக் கலவையில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். குவெஞ்ச் செய்து, ஓவன் காலியில்லை என்று ஒரு நாள் போட்டுவைத்தால் பிறகு எவ்வளவு ஏஜிங் செய்தாலும் வரவேண்டிய பலம் வராது.


கெடிலம்
7 டிசம்பர், மாலை 6.40

ஐயா, மேடம் எல்லாம் வேண்டாம், உங்கள் பேத்தி வயதுதான் எனக்கு.

6061 பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதை இங்கே கொண்டுவர முடியாது என்று நினைக்கிறேன். அந்த அலுமினியக் கலவையில் அறை வெப்பத்திலேயே மக்னீசியமும் சிலிக்கானும் அணுக் கொத்துகளாகச் சேர ஆரம்பித்துவிடும். பிறகு சூடேற்றும்போது அந்தக் கொத்துகள் நல்ல வீழ்படிவுக்கு இடைஞ்சல். 1906இல் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் இந்த வித்தையையே அப்படித்தான் கண்டார். அலுமினியக் கலவையைக் குவெஞ்ச் செய்து வைத்துவிட்டு, சில நாள் கழித்து அளந்து பார்த்தால் தானாகக் கெட்டிப்பட்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை எக்ஸ்ரே வைத்து கினியரும் பிரெஸ்டனும் தனித்தனியாகக் காட்டியது 1938இல்.

மக்னீசியம்-அலுமினியக் கலவையில் அந்தக் கொத்துகள், அதாவது கினியர்-பிரெஸ்டன் பெயரால் ஜி.பி. மண்டலம் என்கிற முன்கட்டமே கிடையாது. இடைநிலைகள் எதுவும் இல்லாமல் நேராகக் கடைசிப் பொருளான பீட்டாவே வந்துவிடும். அறை வெப்பத்தில் சொல்லும்படி எதுவும் நடக்காது. அதனால் மூன்று நாள் தண்ணீர் சூழ்ந்து கிடந்தது வீழ்படிவைப் பொறுத்தவரை தூங்கிய நேரம். 7 மணி நேரம் முடிந்தது, மிச்சம் 9. கூட்டிக்கொள்ளலாம். திரும்பச் சூடேறும் நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், துண்டு 168ஐத் தொட்ட பிறகு எண்ணுங்கள்.

துத்தநாகம் அதிகமுள்ள மக்னீசியக் கலவையாக இருந்திருந்தால் நானே யோசித்திருப்பேன். அதில் குறைந்த வெப்பத்தில் ஜி.பி. மண்டலம் வரும். அதை வேண்டுமென்றே வரவைத்து, பிறகு மேல் வெப்பத்தில் ஏஜிங் செய்தால் வீழ்படிவு பொடிசாக, நெருக்கமாக வரும். அங்கே இடைவேளை நல்லதாகக்கூட முடியலாம்.


பழையபட்டறை
7 டிசம்பர், இரவு 7.15

சரிம்மா. 36 துண்டையும் பணயம் வைக்காமல் முதலில் நாலு துண்டு போட்டுப் பார்க்கட்டும். வந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

தம்பிக்கு ஒன்று. திரும்ப 413 போடுவதாக இருந்தால் மணி பெருத்துவிடும் பயம் உண்டு. அதற்கு ஒரு பழைய சுற்று இருக்கிறது: 413இல் 6 மணி நேரம், 352க்கு இறக்கி 2 மணி நேரம், மறுபடி 413இல் 10 மணி நேரம். பார்ட்டியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.


பண்ருட்டிப்பலா
7 டிசம்பர், இரவு 8.00

எனக்கு ஒரு சந்தேகம். அலுமினியக் கலவைகளில் ஏஜிங் செய்தால் பலம் சில சமயம் இரண்டு மடங்குகூட ஆகிறது. இங்கே 55இலிருந்து 70. 9 சதவீதம் அலுமினியம் போட்டு, ஒன்றரை நாள் உலையில் வைத்து, கிடைப்பது இவ்வளவுதானா? ஏன்?


கெடிலம்
8 டிசம்பர், காலை 10.10

என் ஆராய்ச்சியே அந்த ஏமாற்றத்தில்தான் ஓடுகிறது.

தையல் இலைக் கட்டு பார்த்திருப்பீர்கள், விருந்துக்கு வாங்குவோமே, அது. ஒரு கட்டை எடுத்து மேலே கை வைத்துத் தள்ளினால் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மக்னீசியப் படிகமும் இப்படித்தான். அறுகோணமாக அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும், அந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான் அதற்குச் சுலபம். உலோகம் வளைவது அந்த வழுக்கலால்தான். வழுக்கலைத் தடுத்தால் பலம்.

பீட்டா தகடுகள் எப்படி வருகின்றன தெரியுமா? அடுக்குக்கு இணையாக, படுத்த வாக்கில். இலைக் கட்டுக்கு நடுவில் ஒரு இலைத் துண்டைப் படுக்கவைத்தமாதிரி. அந்த ஒரு இடத்தில் சின்ன உறுத்தல், மற்ற இலைகள் எல்லாம் பழையபடி வழுக்கும். போதாததற்குத் தகடுகளும் பொடிசில்லை, பல நூறு நானோமீட்டர் அகலம், எண்ணிக்கையும் குறைவு. நல்ல அலுமினியக் கலவையில் வீழ்படிவுகள் சில நானோமீட்டர்தான், மிக நெருக்கம்.

இப்போது அந்த இலைக் கட்டில் மேலிருந்து கீழாக ஈர்க்குக் குச்சிகளைக் குத்தி வையுங்கள். எந்த இலையும் நகராது. துத்தநாகக் கலவைகளில் வரும் வீழ்படிவு இந்த மாதிரிதான், அடுக்குக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய குச்சிகள். குச்சிக்குப் பதில் குறுக்கே பலகைகளையே நிறுத்தி வைத்தால் இன்னும் நல்லது. அந்த வித்தை தெரிந்தவை அரிய மண் தனிமங்கள் (இட்ரியம், நியோடிமியம் போன்றவை) சேர்ந்த கலவைகள்.

பலகையா, குச்சியா, படுத்த தகடா என்பதைக் கலவைதான் முடிவு செய்யும். உலைக்காரர் கையில் இருப்பது எண்ணிக்கையும் அளவும் மட்டுமே. உதாரணமாக 168க்குப் பதில் 216 போட்டால் சில மணி நேரத்திலேயே வேலை முடியும், பொடி கொஞ்சம் பெரிசாக வரும்.


அக்கரைக்கடலூர்
8 டிசம்பர், பகல் 2.30

சிங்காரத்தோப்பில் பிறந்து இப்போது ஐரோப்பாவில் இருக்கிறேன், பலகை வகைக் கலவைதான் என் வேலை. டபிள்யூ.ஈ.43, அதாவது 4 சதவீதம் இட்ரியம், 3 சதவீதம் நியோடிமியமும் அதன் சொந்தக்காரர்களும், கொஞ்சம் சிர்கோனியம்.

இதற்கு 525 டிகிரியில் 8 மணி நேரம், வெந்நீரில் குவெஞ்ச், 250இல் 16 மணி நேரம். கெடிலம் சொன்னதற்கு நேர் எதிர் இங்கே. நேராகக் கடைசிப் பொருள் வராது, படிப்படியாக வரும். முதலில் பீட்டா இரட்டை டாஷ், அப்புறம் பீட்டா டாஷ், அப்புறம் பீட்டா ஒன்று, கடைசியில் அசல் பீட்டா. முந்தியது கரைந்து, அல்லது அதைப் பற்றிக்கொண்டு, அடுத்தது வளரும். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கும் இரண்டு. அசல் பீட்டா பெருத்துவிட்டால் பலம் இறங்கும்.

கொஞ்சம் முந்திய டபிள்யூ.ஈ.54இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஏஜிங் எல்லாம் ஒழுங்காக முடித்து, பாகத்தை 150 டிகிரியில் நீண்ட நாள் ஓடவிட்டால், உள்ளே மிச்சமிருந்த அரிய மண் அந்த வெப்பத்தில் மறுபடி பொடிப்பொடியாக வீழ்படிந்து உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போனது. உலையில் முடிந்தது என்று நினைத்தது வேலை செய்யும் இடத்தில் தொடர்ந்தது. அதற்காகத்தான் அரிய மண் அளவைக் குறைத்து 43 வந்தது.

இதே குடும்பத்துக் கலவையில் எலும்புத் திருகு செய்கிறார்கள். எலும்பு கூடியதும் உடம்பே கரைத்துக்கொள்ளும், திரும்பக் கழற்ற ஆபரேஷன் வேண்டாம். 2013இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அங்கே வீழ்படிவின் வேலை பலம் மட்டுமல்ல, எவ்வளவு வேகமாகக் கரையவேண்டும் என்பதும்.


உப்பளம்
8 டிசம்பர், மாலை 4.00

உடம்பில் கரைவது நல்லது, கடற்கரையில் கரைந்தால்? நம் ஊர் உப்புக் காற்றில் டி4க்கும் டி6க்கும் அரிப்பில் வித்தியாசம் இருக்குமா?


கெடிலம்
8 டிசம்பர், மாலை 5.25

இருக்கும். பீட்டா, சுற்றியுள்ள மக்னீசியத்தைவிட அரிமானத்துக்கு அசையாதது. அது எல்லை நெடுகிலும் வேலி போல் இடைவிடாமல் நின்றால் அரிப்பு அதைத் தாண்ட முடியாமல் திணறும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் அதுவே மின்கலத்தின் நேர்முனை போலாகி, பக்கத்து மக்னீசியத்தைத் தின்னவைக்கும். ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய எதிரி இரும்பும் நிக்கலும் செம்பும். ஏ.இசட்.91இ என்பதில் அந்த 'இ' சொல்வதே இந்த அசுத்தங்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்றுதான், இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு அள்ளியதும் மிஞ்சும் கசப்பு நீர் இருக்கிறதல்லவா, அதில் நிறைந்திருப்பது மக்னீசிய உப்பு. அமெரிக்காவில் 1941இலேயே கடல் நீரிலிருந்து மக்னீசியம் எடுத்தார்கள். கடலிலிருந்து வந்தது கடலுக்கே போக ஆசைப்படுகிறது, நாம்தான் பெயிண்ட் அடித்துத் தடுக்கிறோம்.


சேதராப்பட்டு உலை
19 டிசம்பர், இரவு 10.20

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். ஓடிக்கொண்டே இருந்தேன்.

முதலில் புயல் கூடை. ஐயா சொன்னபடி நாலு துண்டை மட்டும், இரண்டு ஓரம், இரண்டு நடு, 168இல் 9 மணி நேரம் வைத்தேன். ஓரத்துத் துண்டு 68, 69. நடுத்துண்டு 60, 60. அப்படியே முதல் கூடையின் எண்கள். கரண்ட் போனதற்கும் ஹார்ட்னஸுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கூடையும் 413இலிருந்து வெளியே வந்தபோது அதே மாதிரி ஒட்டி அடுக்கியதுதான். பழியைப் புயல்மேல் போடலாம் என்று இருந்தேன், நடக்கவில்லை.

அடுத்தது அறுத்துப் பார்த்தது. பார்ட்டியிடம் கேட்டு நடுத்துண்டு ஒன்றை அறுத்தேன். தெரிந்த ஒருவர் கல்லூரி லேப்பில் வேலை செய்கிறார், அங்கே கொண்டுபோனேன். எமரி தாளில் தேய்த்துத் தேய்த்துக் கை மரத்துவிட்டது. கடைசியில் ஸ்பிரிட், அப்புறம் நைட்டாலில் ஐந்தாறு எண்ணும் நேரம் முக்கி, உடனே ஸ்பிரிட்டில் கழுவி, ஹேர் டிரையரில் உலர்த்தினோம். முதல் தடவை கூடுதலாக முக்கிவிட்டேன், முழுக்கக் கறுத்துவிட்டது. திரும்பத் தேய்த்தேன்.

இரண்டாவது தடவை தெரிந்தது. வெளிர்ச் சாம்பல் நிறத்தில் மணிகள், அவற்றின் ஓரத்தில் மழைத் தண்ணீர் ஊறிய சுவர் மாதிரி கறுப்புத் திட்டுகள். திட்டு எல்லையிலிருந்து கிளம்பி மணிக்குள் அரைவட்டமாக ஊதிக்கொண்டு போகிறது. லென்ஸைப் பெரிதாக்கியதும் உள்ளே வரி வரி வரி. கெடிலம் சொன்ன கைரேகை. சில மணிகளில் கால் பங்குக்கு மேல் அதுவே பிடித்திருந்தது. ஓரத்துத் துண்டை அறுத்துப் பார்த்ததில் எல்லையில் மெல்லிய கோடு போல ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான்.

ஆனால் உப்பளம் சொன்னதும் பொய்யில்லை. கூடையின் கீழ்மூலைத் துண்டு ஒன்று 63 காட்டிக்கொண்டிருந்தது. அதையும் அறுத்தோம். அதில் கறுப்புத் திட்டு குறைவு, வெள்ளைத் தீவுகள் இருந்தன. பண்ருட்டிக்காரர் சொன்னபடி தெர்மோகப்புள் கட்டி ஓட்டினேன். அந்த மூலை 398 தான் தொடுகிறது. கதவு சீல் தேய்ந்து காற்று புகுகிறது. சீல் மாற்றியாகிவிட்டது.


பழையபட்டறை
20 டிசம்பர், காலை 6.00

ஒத்துக்கொண்டேன்மா கெடிலம். 6061 பயம் இனி மக்னீசியத்துக்கு வேண்டாம்.

தம்பி, குறைந்த துண்டுகளை என்ன செய்தீர்கள்?


சேதராப்பட்டு உலை
20 டிசம்பர், இரவு 9.10

ஐயா சொன்ன 413, 352, 413 சுற்றைப் பார்ட்டியும் சரி என்றார். இந்தமுறை ஒரே அடுக்கு, துண்டுக்குத் துண்டு நாலு விரல் இடைவெளி, கீழே கம்பி வலை. வெளியே எடுத்ததும் இரண்டு பக்கமும் ஃபேன், கீழிருந்து ஒரு ப்ளோயர். பத்து நிமிடத்தில் கை வைக்க முடிந்தது, டீக்கு நேரமில்லை. பிறகு 168இல் 16 மணி நேரம். இதுவரை செய்த 28 துண்டும் 67இலிருந்து 71க்குள்.

இப்போது பிரச்சினை வேறு. இப்படி அடுக்கினால் கூடைக்கு 14 துண்டுதான் பிடிக்கிறது. நான் வாங்கியது கிலோ கணக்கில், 36 துண்டு போகும் என்று போட்ட ரேட். மறு வேலையை என் செலவில் செய்துவிட்டேன், அதில் சண்டை இல்லை. அடுத்த லாட்டுக்கு ரேட் கூட்டிக் கேட்டால், "மற்ற இடத்தில் 36 போடுகிறார்கள்" என்கிறார்.


பண்ருட்டிப்பலா
20 டிசம்பர், இரவு 9.45

அந்த மற்ற இடத்து நடுத்துண்டு ஒன்றையும் ஓரத்துண்டு ஒன்றையும் எடுத்துவரச் சொல்லி உங்கள் பிரினெல் மெஷினிலேயே அவர் கண்முன்னால் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் கிலோ ரேட்டை விட்டுவிட்டுக் கூடைக்கு இவ்வளவு என்று கேளுங்கள்.


சேதராப்பட்டு உலை
20 டிசம்பர், இரவு 9.50

திங்கட்கிழமை வருகிறார். காட்டிப் பார்க்கிறேன்.